பாய்லர் தண்ணீர் இறங்கிய வழி

கைசேரி,
நவம்பர் கடைசி வெள்ளி

அன்பு மகள் ஃபெய்ஸாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலமாக இருக்கிறோம். எவ்வளவு நலம் என்றால், இந்தக் கடிதத்தைக் கோட்டும் கையுறையும் இல்லாமல் வெறும் சட்டையோடு உட்கார்ந்து எழுதுகிறேன். நீயும் அந்த பெர்கன் மழையில் காய்ந்த காலுறையோடு நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். தொலைபேசியில் நான் ஒரு வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் உன் அம்மா பின்னால் நின்று இரண்டு திருத்தம் சொல்கிறாள், அடுத்த வாக்கியத்தில் கருவியே அவள் கைக்குப் போய்விடுகிறது. பள்ளிக்கூடத்தில் ஆயுள் முழுக்க வரலாறு நடத்தியவன் ஒரு நிகழ்ச்சியை இடையீடு இல்லாமல் முதலிலிருந்து முடிவுவரை சொல்ல வேண்டுமென்றால் கடிதம் ஒன்றுதான் வழி. அவள் இப்போது கீழ்வீட்டில் இருக்கிறாள். ஆமாம், சரியாகத்தான் படித்தாய், கீழ்வீட்டில். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன், ஆனால் பாய்லரிலிருந்து வந்தால்தான் புரியும்.

வீட்டையும் குளிக்கும் தண்ணீரையும் சூடாக்கும் நம் பழைய பாய்லர், எர்ஜியஸ் மலை முதல் பனியைத் தலையில் போட்டுக்கொண்ட அன்று, இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோனது. நீ குளிக்கும்போது சமையலறையில் யாராவது குழாயைத் திறந்தால் உன்னை அலற வைக்குமே, அதேதான். உன் அம்மா அதைத் தட்டிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், கடைசியில் பிஸ்மில்லா சொல்லிப் பொத்தானை அமுக்கிப் பார்த்தாள். ஹைதர் மேஸ்திரி வந்து மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, பெரிய மருத்துவர்கள் செய்வதுபோல் எங்கள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, "வாத்தியாரே, இதுக்கு இனி மருந்து இல்ல, பாத்திஹா ஓதிட்டுப் புதுசு பாருங்க" என்றார். இப்போது கடைகளில் பழைய மாதிரி கிடைப்பதில்லையாம், வருவதெல்லாம் புகையைக் குளிரவைக்கிற வகை. பழைய பாய்லர் சூடும் ஆவியுமாகப் புகைக்குழாய் வழியே தெருவுக்கு அனுப்பியதை இது வாசலில் மறித்து, சட்டைப்பையைத் தடவி, மிச்சமிருக்கும் சூட்டையும் பிடுங்கிக்கொண்டு பிறகுதான் வெளியே விடுகிறது. அப்படிப் பிடுங்கும்போது ஆவி தண்ணீராகிச் சொட்டுகிறது. "புகையைப் பிழிஞ்சு சூடு எடுக்குது வாத்தியாரே, இதக் கண்டுபிடிச்சவன் நம்ம கைசேரிக்காரனா இல்லாமப் போனது நமக்குத்தான் கேவலம்" என்றார் ஹைதர். நான் மறுக்கவில்லை. அடுத்தவன் வேண்டாம் என்று விடும் காற்றிலிருந்து ஆதாயம் எடுக்கும் ஓர் இயந்திரத்தை, காசு விஷயத்தில் இவ்வளவு கெட்டியான இந்த ஊரில் வைத்துக்கொண்டு யார் மறுக்க முடியும்.

உன் அம்மாவுக்குச் சூட்டைவிடத் தண்ணீர்தான் பிடித்துப்போனது. நாள் முழுக்கச் சும்மா சொட்டுகிற தண்ணீர், அதுவும் சுண்ணாம்பு இல்லாதது, இஸ்திரிப் பெட்டிக்கு ஆயிற்று, ஜெரானியத்துக்கு ஆயிற்று என்று பாய்லர் வருவதற்கு முன்பே ஊறுகாய் டிரம் ஒன்றைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டாள். ஹைதர் பதறிப்போய், "அக்கா, அது புளிச்ச தண்ணி, துணிக்கும் ஆகாது, செடிக்கும் ஆகாது" என்றார். "புளிப்புன்னா ஊறுகாய்க்காவது ஆகுமா?" என்று கேட்டாள். ஹைதர் என்னைப் பார்த்தார், நான் மலையைப் பார்த்தேன்.

பாய்லர் வந்தது. வெள்ளை வெளேரென்று, நம் பழையதில் பாதிகூட இல்லாத உடம்பு. சமையலறைப் பின்பக்க பால்கனியில் அதே சுவரில் மாட்டினார்கள். ஹைதர் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும் மகளே. பழைய குழாய்களில் கழுவித் தள்ளிய கறுப்புச் சேற்றை வாளியில் பிடித்து எங்களிடம் காட்டி, "இத்தனை வருஷம் இதத்தான் சூடுபண்ணிக்கிட்டு இருந்தீங்க" என்றார், ஏதோ எங்கள் குணத்தையே வாளியில் பிடித்துவிட்டதுபோல. புகைக்குழாயை அவர் கொஞ்சம் சாய்த்துப் போட்டபோது, வளைந்து இருக்கிறதே என்று நான் சொன்னேன். தண்ணீர் தெருப்பக்கம் போகாமல் பாய்லர் பக்கமே திரும்பி வருவதற்காக அப்படித்தான் சாய்க்க வேண்டுமாம். உன் அம்மா பின்னல் வேலை செய்த ஒரு வெள்ளை உறையைக் கொண்டுவந்தாள். மூடக் கூடாது என்றார். கண்ணேறு படாமல் இருக்க நீலக் கண் பதித்த மணியாவது மாட்டலாமா என்றாள். பக்கத்து ஆணியில் என்றால் சரி என்று உடன்பாடு ஆனது. நான் படித்த பல உடன்படிக்கைகள் இதைவிட மோசமான மனநிலையில் கையெழுத்தாகியிருக்கின்றன.

எல்லாம் முடிந்தது, எரிவாயு அலுவலகத்திலிருந்து ஆள் வந்து பார்த்து மீட்டரில் போட்டிருக்கும் முத்திரையை எடுத்தால் பற்றவைக்க வேண்டியதுதான். வந்தது உன் வயதுப் பெண், தலையில் மஞ்சள் தொப்பி. குழாயைப் பார்த்தாள், காற்றோட்டத்தைப் பார்த்தாள், ஏதோ கருவியை வைத்து மோப்பம் பிடித்தாள், எல்லாம் சரி என்றாள். பிறகு குனிந்து, "தண்ணி எங்க போகுது?" என்று கேட்டாள். உன் அம்மா பெருமையோடு டிரம்மைக் காட்டினாள். "அம்மா, இது வடிகால் இல்ல, பாத்திரம். நிரம்பினா யார் கொட்டுவாங்க?" என்றாள் அந்தப் பெண். "இவருதான்" என்று உன் அம்மா என்னைக் காட்டினாள். அந்தப் பெண் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அனுமதிக்க முடியாது என்று எழுதினாள். தேநீர் கொடுத்தோம், குடித்தாள், நன்றி சொன்னாள், முத்திரையை எடுக்காமலே போய்விட்டாள். உன் அம்மாவுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. "நம்ம டீயக் குடிச்சும் மாத்தி எழுதலையே, இவளப் பெத்தவங்க நல்லா இருக்கணும்" என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள், போர்வைக்குள்ளிருந்து.

இப்போது வடிகால் பிரச்சினைக்கு வருகிறேன். தண்ணீரைச் சமையலறைத் தொட்டிக் குழாய்க்குக் கொண்டுபோகலாம் என்றால் நடுவில் உயர்ந்த நிலைப்படியோடு பால்கனிக் கதவு இருக்கிறது, தண்ணீருக்குப் படி ஏறத் தெரியாது. ஏற்றிவிடச் சிறிய பம்ப் உண்டாம், ஆனால் ஓர் இயந்திரத்துக்கு வேலைக்காரனாக இன்னோர் இயந்திரம் வேண்டாம் என்று உன் அம்மா சொல்லிவிட்டாள். வெளிச்சுவரில் குழாய் இறக்கினால் நம் ஊர்க் குளிரில் உறைந்து அடைத்துக்கொள்ளும், பாய்லர் நின்றுபோகும். மிச்சம் ஒன்றுதான். பால்கனிக்குக் கண்ணாடி போட்ட காலத்தில் கரப்பான் வருகிறது என்று டைல்ஸ் போட்டு மூடினோமே, பழைய தரை ஓட்டை, அதைத் திறப்பது. மேலிருந்து ஹைதர் இடித்துப் பார்த்தார், உள்ளே முழங்கை வளைவு சிமெண்டால் அடைந்து கிடந்தது. அதை மாற்ற வேண்டுமானால் கீழிருந்துதான் கை வைக்க வேண்டும். கீழே என்றால் கீழ்வீட்டு பெரிஹானுடைய பால்கனிக் கூரை.

நீ அறியாததல்ல, ஆனாலும் வரிசை தவறக்கூடாது என்பதால் எழுதுகிறேன். பெரிஹானும் உன் அம்மாவும் இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்த நாளிலிருந்து ஒரே நூல் கண்டில் பின்னியவர்கள். பெரிஹானின் மகன் ஓனூருக்கும் உனக்கும் நிச்சயமானது, பிறகு நீ மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பெர்கனுக்குப் போனாய். நீ செய்தது சரி என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். உன் அம்மாவும் அதைத்தான் சொன்னாள், பெரிஹானிடம், கொஞ்சம் உரக்க. அன்றிலிருந்து ஆறு வருடம் இரண்டு பெண்களும் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக்கொண்டே கடந்தார்கள். பெரிஹானின் கணவர் சஃபெத்தும் நானும் ரொட்டிக் கடையில், மனைவிகள் பார்க்காத தூரத்தில், சலாம் சொல்லிக்கொண்டோம். இதனால்தானே நீ இத்தனை வருடம் இந்தப் படிக்கட்டை ஏறாமல், ஒவ்வொரு கோடையிலும் எங்களைக் கடலோர ஊர்களுக்கு வரச்சொல்லிப் பார்க்கிறாய். நாங்கள் கேட்டதில்லை, நீ சொன்னதில்லை, ஆனால் எனக்குக் கடற்காற்று ஒத்துக்கொள்வதில்லை. அந்த பால்கனிக் கூரைக்கு சஃபெத் உங்கள் நிச்சயத்துக்காகத்தான் பைன் பலகை அடித்தார், மருமகள் உட்கார்ந்து தேநீர் குடிக்கும் இடம் என்று. இப்போது நம் பாய்லர் சொட்டுவதற்காக அந்தப் பலகையைக் கழற்றச் சொல்லி யார் போய்க் கேட்பது.

இதில் இன்னொரு சிக்கல், அது கிண்ணம். நிச்சயம் முறிவதற்கு முந்தின நாள் கோதுமையும் பயறும் போட்டு வீடு வீடாகக் கொடுக்கும் ஆஷூரா பாயசம் வந்ததே பெரிஹான் வீட்டிலிருந்து, நீல விளிம்பு வைத்த கிண்ணத்தில். அந்தக் கிண்ணம் நம் வீட்டிலேயே தங்கிவிட்டது. வெறும் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, எதையாவது நிரப்பிக் கொடுக்க வேண்டும். நிரப்பிக் கொடுத்தால் பேச வேண்டும். ஆகவே அது கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில் ஆறு வருடம் சிறைக்கைதியாக இருந்தது. ஒவ்வோர் ஆஷூராவுக்கும் உன் அம்மா அதை இறக்கிக் கழுவித் துடைத்து மறுபடி ஏற்றி வைப்பாள், நான் செய்தித்தாளுக்குப் பின்னால் இருப்பேன். இந்த வருடம் சீமைமாதுளை பழுத்ததும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது என்று முடிவே எடுத்திருந்தாளாம், பழம்கூட வாங்கி வைத்திருந்தாள். அதற்குள் பாய்லர் செத்தது. "இப்போ நான் கிண்ணத்தோட போய் நின்னா குழாய்க்காக வந்தேன்னுதான் நினைப்பா. இல்லன்னு நான் எப்படிச் சொல்லுவேன், யார் நம்புவா, நானே நம்புவேனா?" என்றாள். உறைந்த மூக்கோடு நான், ராஜதந்திரத்தில் நோக்கம் முக்கியமில்லை, வடிகால்தான் முக்கியம் என்றேன். "உங்க ராஜாக்கள் எல்லாம் செத்துப் போயிட்டாங்க, நான் தினமும் அவ வீட்டு வாசல் வழியாத்தான் ரொட்டி வாங்கப் போகணும்" என்றாள். 

அந்த வாரம் நாங்கள் வாழ்ந்த விதத்தை உனக்கு எழுத வேண்டாம் என்று உத்தரவு, ஆகவே ஒன்றை மட்டும் எழுதுகிறேன், சமையலறையில் ஆலிவ் எண்ணெய் கெட்டியாகிவிட்டது. ஆனால் குளிரில் நாங்கள் மட்டும் இல்லை என்பது எனக்கு ரொட்டிக் கடையில் தெரிந்தது. சஃபெத் கம்பளித் தொப்பியும் கம்பளிச் சால்வையுமாக வந்து நின்றார். நம் ஊரில் சிக்கனத்துக்குப் பேர்போனவர்கள் பலர், ஆனால் சஃபெத் ஒரு மேதை. அவர் வீட்டுக்குக் கீழே மருந்துக்கடை, மேலே நாம். இரண்டு பக்கமும் சூடு கசியும். ஆகவே அவர் தன் பாய்லரை வாங்கி மாட்டியதோடு சரி, பற்றவைத்ததே இல்லை, அதன் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கவில்லை. எங்கள் தரைதானே அவர்கள் கூரை. புகையைப் பிழியும் இயந்திரம் வருவதற்கு எத்தனையோ வருடங்களுக்கு முன்பே இந்த மனிதர் அக்கம்பக்கத்தைப் பிழிந்து சூடு எடுத்திருக்கிறார், நான் இதை மனதார வியந்துதான் சொல்கிறேன். இப்போது மேலே சூடு நின்றதும் பாய்லரைப் பற்றவைக்கப் பார்த்தாராம், அது இத்தனை வருடம் யாரும் வேலை சொல்லாத பிள்ளைபோல அசையவே இல்லை. "மேல எல்லாம் சௌக்கியம்தானே வாத்தியாரே?" என்று மட்டும் கேட்டார். வடிகாலைப் பற்றிப் பேச மாட்டேன் என்று உன் அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள், அதனால் சௌக்கியம் என்று மட்டும் சொன்னேன். இரண்டு பேருக்கும் வாயிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் உன் அம்மா சீமைமாதுளையைச் சர்க்கரையில் சுண்டவைத்து, மேலே வால்நட் தூவி, கிண்ணத்தை நிரப்பினாள். தலைத்துணியை மாற்றிக் கட்டிக்கொண்டாள். "குழாய்ப் பேச்சை நான் எடுக்க மாட்டேன். நீங்க சஃபெத் அண்ணன்கிட்ட மூச்சு விட்டீங்கன்னா இந்த வீட்டுல உங்களுக்கு அடுப்புச் சூடுகூடக் கிடையாது" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். நான் பால்கனியில் நின்று காதைத் தீட்டினேன். முதலில் ஒன்றுமில்லை.  பிறகு மூக்குச் சிந்தும் சத்தம், பிறகு தேநீர்க் கரண்டி சுற்றும் சத்தம், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து யாரையோ கேலி செய்து சிரிக்கும் சத்தம். அது நானாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் எனக்கு அது இசைபோல இருந்தது. உன் அம்மா வந்து சொன்னது இது. பெரிஹான் கோட்டு போட்டுக்கொண்டே கதவைத் திறந்தாளாம், வீட்டுக்குள் கோட்டு. கிண்ணத்தைப் பார்த்து, "இத்தனை வருஷமா இதத் தூசிபடிய விட்டிருந்தியா, நெஸஹாத்?" என்றாளாம். "வருஷா வருஷம் கழுவினேன், உன் வாயத்தான் கழுவ முடியல" என்றாளாம் உன் அம்மா. அதோடு கதவு முழுசாகத் திறந்தது. ஓனூருக்கு புர்சாவில் கல்யாணமாகி ஒரு குழந்தை இருக்கிறது, படம் காட்டினாளாம், அச்சு சஃபெத்தாம், சிரிப்பதைக்கூடச் சிக்கனமாகச் சிரிக்கிறதாம். உன்னைப் பற்றிக் கேட்டாளாம், அவளுக்குக் குளிர் ஒத்துக்கொள்கிறதா என்று. தங்கள் வீட்டுக் கூரை ஏன் இப்படிச் சில்லிட்டுக் கிடக்கிறது என்றும் கேட்டாளாம். புது பாய்லர், அலுவலகத்தில் இன்னும் எரிவாயுவைத் திறந்துவிடவில்லை, அலுவலகம் என்றால் அப்படித்தான் என்று சொல்லி உன் அம்மா எழுந்து வந்துவிட்டாள். கேட்கவில்லை. வாய்வரை வந்த வாய்ப்பை விழுங்கிவிட்டு, வெறும் கையோடு, முகமெல்லாம் வெளிச்சமாக வந்து நிற்கிறாள். கோட்டையைப் பிடித்துவிட்டுச் சாவியை எதிரியிடமே கொடுத்துவிட்டு வந்த தளபதியை நான் எந்த நூலிலும் படித்ததில்லை. குளிரில் பல் கிட்டிக்கொண்டு நின்றபடி நான் என் மனைவியை அவ்வளவு மதித்ததும் அன்றுதான்.

மறுநாள் காலை கீழே டமடமவென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் சஃபெத் கோட்டோடு ஏணியில் ஏறி நின்று பைன் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருக்கிறார், ஆணிகளை நிமிர்த்தி டப்பாவில் போட்டுக்கொண்டு. ஹைதரை அவரே வரவழைத்திருந்தார். "வாத்தியாரே, பலகை போச்சு, சூடாவது சீக்கிரம் வருமான்னு மட்டும் சொல்லுங்க" என்றார். யார் சொன்னது என்றேன், ஏணியிலிருந்தே தாடையால் உள்ளே காட்டினார். கொஞ்ச நேரத்தில் பெரிஹான் நம் வீட்டுக்கு ஏறி வந்தாள். ஆறு வருடத்துக்குப் பிறகு அந்தச் செருப்பு நம் வாசலில். கையில் அதே கிண்ணம், நிறைய ஆஷூரா பாயசம். ஆஷூரா மாதமே இல்லையே என்றேன். "மாசம் தப்பினா கோதுமை வேகாதா?" என்றாள். பிறகு உன் அம்மாவைப் பார்த்து, "அந்த ஓட்டைய டைல்ஸ் போட்டு மூடுனப்போ உன்கூட நின்னு சிமெண்ட் கலக்கினவ நான். என் தங்கச்சி வீட்டுலயும் இதே பாய்லர்தான், சொட்டும்னு எனக்குத் தெரியாதா? அந்தப் பெட்டி படி ஏறின அன்னைக்கே தெரியும் உன் தண்ணி என் தலைமேலதான் வந்து நிக்கும்னு. கேட்பியா மாட்டியான்னுதான் பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். உன் அம்மா கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "கேட்டிருந்தா குடுத்திருப்பேன், நெஸஹாத். கிண்ணத்தையும் வாங்கி வச்சிருப்பேன். ஆனா மேல ஏறி வந்திருக்க மாட்டேன்" என்றாள். இரண்டு பேரும் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எனக்குப் பாயசம் மத்தியானம்தான் கிடைத்தது.

புதுக் குழாய் போட்டதும் மஞ்சள் தொப்பிப் பெண் மறுபடி வந்தாள், ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி அது போகிற சத்தத்தைக் கேட்டாள், முத்திரையை எடுத்தாள். இந்தத் தடவை தேநீரோடு பாயசமும் சாப்பிட்டாள். பாய்லர் பற்றியது, சத்தமே இல்லை, பூனை மூச்சு விடுவதுபோல. உன் அம்மா சுடுதண்ணீர் ஓடும் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்து, "கொதிக்கவே இல்லையே, ஏமாத்திட்டாங்களா?" என்றாள். கொதிக்கக் கூடாதாம். மிதமாக, நிறுத்தாமல் ஓட விடவேண்டும், பழையதைப்போல அறைக்கு அறை ஓடி மூடுவதும் திறப்பதும் கூடாது, வீட்டில் உள்ள எல்லா ரேடியேட்டரும் திறந்திருக்க வேண்டும், சூடு எவ்வளவு பரவுகிறதோ திரும்பி வரும் தண்ணீர் அவ்வளவு ஆறியிருக்கும், அப்போதுதான் புகையை முழுசாகப் பிழியும் என்று ஹைதர் சொன்னார். சொல்லிக்கொண்டே அறை அறையாகப் போய்த் திறந்தவர் உன் அறைக் கதவில் நின்று, "இது மூடியிருக்கே, இதையும் திறக்கணுமா?" என்று கேட்டார். நீ போனதிலிருந்து அது மூடித்தான் கிடந்தது, யாரும் இல்லாத அறைக்கு எதற்குச் சூடு என்று. உன் அம்மா அவரை விலக்கிவிட்டுத் தானே போய் ரேடியேட்டர் குமிழைத் திருப்பினாள். முதலில் காற்று சீறியது, பிறகு தண்ணீர் வந்தது, கொஞ்ச நேரத்தில் அறையில் உன் பழைய புத்தக வாசனை கிளம்பியது. இப்போது அவளும் பெரிஹானும் மழை நாட்களில் அங்கேதான் உட்கார்ந்து பின்னுகிறார்கள். கீழே சஃபெத் தொப்பியைக் கழற்றிவிட்டார், அவருடைய பாய்லர் உறையோடு பத்திரமாக இருக்கிறது, பைன் பலகையில் செருப்பு அடுக்கும் அலமாரி செய்கிறார், ஒன்று நமக்கும்.

எழுதிக்கொண்டே போகிறேன், இனி முடிக்கிறேன். அங்கே வீட்டுக்குள் ஈரத் துணியைக் காயப்போடாதே, தனியாக இருக்கிறேன் என்று இரவுச் சாப்பாட்டை ரொட்டித் துண்டோடு முடித்துக்கொள்ளாதே, தலை நனைந்தால் உடனே துவட்டிக்கொள். அல்லாஹ் உன் கைக்கு வேலையும் மனசுக்கு நிம்மதியும் குறைவில்லாமல் தரட்டும், நீ போகும் வழியில் கல் கிடந்தால் அது உனக்கு முன்னால் நகர்ந்துகொள்ளட்டும். ஒரு நினைவூட்டல். பாயசம் தீர்ந்து கிண்ணம் மறுபடி நம்மிடம் இருக்கிறது, கழுவிச் சாப்பாட்டு மேசைமேல் வைத்திருக்கிறோம், அலமாரியில் ஏற்றவில்லை. உன் அம்மா அன்றே எதையாவது நிரப்பிக் கொடுக்கப் போனாள், பெரிஹான் வாங்க மறுத்துவிட்டாள். "கிண்ணத்துக்கு அவசரமில்ல, ஃபெய்ஸா வர்றப்போ அவ எறக்கிக் கொண்டு வரட்டும், ஒரு மாடிதானே" என்றாள். குளிர்காலம் இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது, அறை சூடாக இருக்கிறது, எனக்குக் கடற்காற்று ஒத்துக்கொள்வதில்லை என்பதை மேலே எழுதிவிட்டேன்.

உன் கண்கள் இரண்டிலும் முத்தமிடும்,

உன் அப்பா
நெஜ்தெத்